‘கவலை குறைந்தது’ என்பது எந்தக் குருவிக்கு? நாணல் கதிர்க்குருவியின் வகைப்பாடும் பாதுகாப்பு நிலையும்

உப்புவெளி ரீச்சர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நிலாவெளி வீதியிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சிறு குளத்தைப் பற்றியது என் கேள்வி. குளத்தின் பெயரை வேண்டுமென்றே எழுதாமல் விடுகிறேன். ஒரு முறை மீன்கொத்தியின் பொந்து இருந்த இடத்தை இங்கே எழுதிவிட்டு, அடுத்த கிழமையே அங்கே கமராக்களோடு ஒரு கூட்டம் நின்றதைக் கண்டவள் நான்.

அந்தக் குளத்தின் மேற்கு அலைகரையில் சம்பும் நாணலும் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கின்றன. பெரும்போகத்துக்கு முன்னர் அவற்றை ஒன்றுவிடாமல் அகற்றிக் குளத்தைத் தூர்வாரப் போகிறார்கள் என்று அறிந்ததும், எங்கள் பாடசாலைச் சுற்றாடற் கழகத்தின் பெயரில் ஒரு கடிதம் எழுதினோம். அந்தப் புதருக்குள் வாழும் நாணல் கதிர்க்குருவி ஓர் அரிய இனம் என்றும், அதற்காகவேனும் வேலையை நிறுத்த வேண்டும் என்றும் அதில் கேட்டிருந்தோம். இரண்டு மாதங்களின் பின்னர் உரிய அலுவலகத்திலிருந்து நான்கு வரியில் பதில் வந்தது. குறித்த பறவை, உயிரினங்களின் அழியும் ஆபத்தை மதிப்பிடும் உலகச் சிவப்புப் பட்டியலில் ‘கவலை குறைந்தது’ என்றே வகைப்படுத்தப்பட்டிருப்பதால் ஆட்சேபத்தைக் கவனத்தில் எடுக்க இயலாது என்பது அதன் சாரம்.

பட்டியலை நானும் பார்த்தேன். அவர்கள் எழுதியது உண்மைதான். அப்படியென்றால் பிழை எங்கள் கடிதத்திலா, அல்லது பட்டியலை அவர்கள் வாசித்த விதத்திலா என்பதை இங்குள்ள விபரமறிந்தவர்கள் விளக்கினால் மாணவர்களுக்கு நான் ஏதாவது சொல்ல முடியும்.

நாணற்காது எழுதியது:

ரீச்சர், பாதுகாப்பு நிலைக்குப் போவதற்கு முன்னர் பறவை எது என்பதை உறுதிப்படுத்திக்கொள்வோம். எங்கள் பக்கத்தில் ‘கதிர்க்குருவி’ என்ற ஒரு சொல்லுக்குள் குறைந்தது நான்கைந்து வகைக் குருவிகளை அடைத்து வைத்திருக்கிறோம். வயல் வரம்பில் வாலை நிமிர்த்திக்கொண்டு திரிவதும் கதிர்க்குருவி, வேலிப் பற்றைக்குள் ‘டக், டக்’ என்று நாக்கைத் தட்டுவதுபோல ஒலியெழுப்புவதும் கதிர்க்குருவி.

இரண்டாவதாகச் சொன்னது பெரும்பாலும் பிளித் நாணல் கதிர்க்குருவியாக இருக்கும். பெயரில் நாணல் இருந்தாலும், குளிர்காலத்தில் வடக்கிலிருந்து இலங்கைக்கு வரும்போது அது நாணலைத் தேடுவதில்லை. திருகோணமலை நகருக்குள் ஒரு வேப்பமரமும் நாலு செம்பரத்தைச் செடியும் இருந்தால் அதற்குப் போதும். அது 13 சென்டிமீட்டர் அளவான சின்னக் குருவி. நீங்கள் சொல்வது அதுவானால், ஏப்ரல் முடிவதற்குள் அது தன் ஊருக்குப் போய்விடும், நாணலை வெட்டினாலும் அதற்குப் பெரிய நட்டமில்லை.

மற்றது, இரைச்சலுக்குப் பெயர்போன பெரிய நாணல் கதிர்க்குருவி. அது 18 முதல் 20 சென்டிமீட்டர் வரை வரும், கொண்டைக்குருவிக்குக் கிட்டிய அளவு. அலகு நீளம். மேற்புறம் மங்கிய மண்ணிறம், தொண்டை வெளிறியது, கண்ணுக்கு மேலே அழுத்தமில்லாத ஒரு கோடு. இதைக் கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் கேட்பதே எளிது: ‘கர்ரா, கர்ரா, கரீட், கரீட்’ என்று சம்பின் நுனியில் தொங்கிக்கொண்டு, அளவுக்கு மீறிய குரலில் பாடும். எந்த மாதத்தில் கேட்டீர்கள், பதிவு ஏதும் உண்டா?

உப்புவெளி ரீச்சர் எழுதியது:

ஆடி மாத நடுப்பகுதியில், காலை ஆறரை மணிக்கு ஒரு மாணவன் தன் கைத்தொலைபேசியில் பதிவுசெய்தான். இணைத்திருக்கிறேன். நடுவில் ஒரு மோட்டார் சைக்கிள் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாணற்காது எழுதியது:

கேட்டேன். ஐயமில்லை, பெரிய நாணல் கதிர்க்குருவிதான். ஆடி மாதத்தில் பிளித் இங்கே இருக்க வாய்ப்பில்லை என்பது ஒரு பக்கம், மோட்டார் சைக்கிளையும் மீறிக் கேட்கும் அந்தத் தொண்டை மறு பக்கம். ஒலிவரைபடத்தில் ஒவ்வொரு கரகரப்பும் அகன்ற தூணாக விழுகிறது. இந்தச் சாதிக் குருவிகளுள் இலங்கையில் நிரந்தரமாகத் தங்கிக் கூடு கட்டுவது இது ஒன்றே. ஆகவே நீங்கள் பேசுவது விருந்தாளியைப் பற்றியல்ல, வீட்டுக்காரரைப் பற்றி.

மூதூர் மாணவி எழுதியது:

விலங்கியல் படிக்கிறேன், பெயர்களின் வரலாற்றில் எனக்குச் சற்று ஆர்வம் அதிகம், நீண்டுவிட்டால் மன்னிக்கவும். ரீச்சருடைய கேள்விக்கான விடையில் பாதி இந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இதன் அறிவியற் பெயர் அக்ரோசெஃபலஸ் ஸ்டென்டோரியஸ். ட்ரோய்ப் போரில் ஐம்பது பேரின் குரல் தனி ஒருவனுக்கு இருந்ததாகக் கிரேக்கர் சொல்லும் ஸ்டென்டோர் என்ற கட்டியக்காரனின் பெயர் அது. எகிப்தில் சேகரித்த பறவைகளை வைத்து ஹெம்பிரிச், எஹ்ரன்பர்க் என்ற இரு ஜேர்மானியரின் பெயரில் 1833 இல் இந்த விவரிப்பு வெளிவந்தது. அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்னரே, 1825 இல், ஹெம்பிரிச் செங்கடற்கரையிலுள்ள மசாவாவில் இறந்துவிட்டார். பின்னர் 1839 இல் கிழக்கிந்தியக் கம்பனியின் மருத்துவர் ஜெர்டன் இந்தியப் பறவையை வேறாகக் கொண்டு ப்ரனெசென்ஸ் என்று பெயரிட்டார். 1875 இல், இலங்கையில் பணியாற்றிய பீரங்கிப் படை அதிகாரி லெக், இங்குள்ள பறவைக்கு மெரிடியோனாலிஸ், அதாவது ‘தெற்கத்தியது’, என்று பெயர் வைத்தார். எகிப்தியப் பறவையின் பெயரே முந்தியது என்பதால், மற்ற இரண்டும் காலப்போக்கில் அதன் கிளையினங்களாகின. ஆக, நீண்டகாலமாக நைல் ஆற்றங்கரையிலிருந்து அரேபியா, பாகிஸ்தான், இந்தியா, இலங்கை, பிலிப்பீன்ஸ், இந்தோனேசியா வரை இருப்பவையெல்லாம் ஒரே பெயருக்குள் எண்ணப்பட்டு வந்திருக்கின்றன. அவுஸ்திரேலியாவில் இருப்பதுகூட முன்பு இதற்குள்தான் இருந்தது, பிறகு தனி இனமாகப் பிரிக்கப்பட்டது.

குடும்பத்தின் கதையும் இதைப்போன்றதே. முன்பு பூச்சி தின்னும் சின்னஞ்சிறு மண்ணிறக் குருவி எதைக் கண்டாலும் சில்வீடே என்ற ஒரே குடும்பத்தில் போட்டுவிடுவார்கள். டீ.என்.ஏ ஆய்வுகள் வந்ததும் 2000களில் அந்தக் கோணிப்பை கிழிந்தது. நாணல் கதிர்க்குருவிகள் அக்ரோசெஃபாலிடே என்ற தனிக் குடும்பமாயின. வயற் கதிர்க்குருவியும் தையற்சிட்டும் வேறு குடும்பத்துக்குப் போயின. எங்கள் ஊரில் ஒரே பெயரால் அழைக்கும் இரண்டு குருவிகள் உண்மையில் தூரத்து உறவினரே என்பது எனக்கு முதலில் நம்ப முடியாததாகத்தான் இருந்தது.

இப்போது ரீச்சருக்கு வந்த பதிலைப் பாருங்கள். ‘கவலை குறைந்தது’ என்ற மதிப்பீடு செய்யப்பட்டது உப்புவெளிப் பறவைக்கு அல்ல, இலங்கைப் பறவைக்குங்கூட அல்ல. கண்டங்கள் தாண்டிப் பரந்த அந்தப் பெரிய பெயருக்குத்தான் அது செய்யப்பட்டது.

தம்பலகாமத்தான் எழுதியது:

எல்லாம் வாசித்தேன். படித்தவர்களுக்கு நடுவே வயற்காரன் ஒருவனும் பேச வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

ரீச்சர் கோபிக்கக் கூடாது. அந்தக் கடிதத்தில் ‘அரிய இனம்’ என்று எழுதியது உங்கள் பிழை. அந்தக் குருவியின் சத்தத்தைத் தம்பலகாமத்திலும் கந்தளாய்ப் பக்கத்திலும் சம்பு உள்ள இடங்களில் நான் சிறுவயது முதல் கேட்டு வருகிறேன். பெயர் தெரியாதே தவிர, ஆளைத் தெரியும். அரிது என்று எழுதினால், அரிதல்ல என்று காட்டுவதற்கு அவர்களுக்கு ஒரு வரி போதும். அதைத்தான் செய்திருக்கிறார்கள்.

அத்தோடு, சம்பு ஒரு குளத்தை எப்படித் தின்னும் என்பதையும் சொல்ல வேண்டும். மண் படிந்து ஆழம் குறைந்த இடத்தில் அது காலூன்றும். காலூன்றினால் வண்டல் இன்னும் தங்கும், வண்டல் தங்கினால் சம்பு இன்னும் முன்னே வரும். துருசு வாய் வரை வந்துவிட்டால் தண்ணீர் வயலுக்கு இறங்காது. சிறுபோகத்தில் கடைசி இரண்டு தண்ணீருக்காகக் கமக்காரர் இரவிரவாகக் காவல் இருப்பதை நீங்கள் பார்த்ததுண்டா? குளம் வெட்டப்பட்டது நெல்லுக்காக. குருவி அதில் குடியேறியது, மகிழ்ச்சிதான். ஆனால் குடியேறியவருக்காகக் குளத்தையே மூடு என்று கேட்க முடியாது.

கிண்ணியா நானா எழுதியது:

தம்பலகாமத்துத் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் ‘எங்கேயும் சத்தம் கேட்கிறது’ என்பதை நம்பி இருந்துவிடக் கூடாது என்பதற்கு என் கண்முன் நடந்த ஒரு கதையைச் சொல்கிறேன்.

நான் குவைத்தில் பதினேழு வருடம் இருந்தவன். அங்கே வடக்கே எல்லைக்கு அப்பால், தைகிரிசும் யூப்பிரட்டீசும் கடலுக்குப் போகும் வழியில், ஈராக்கின் பெரும் சதுப்பு நிலங்கள் உண்டு. பல ஆயிரம் சதுர கிலோமீட்டர் நாணல். மக்களே நாணலால் வீடு கட்டி, எருமை வளர்த்து வாழ்ந்த இடம். அந்த நாணலில்தான் பஸ்றா நாணல் கதிர்க்குருவி கூடு கட்டுகிறது. நம்முடைய இந்தக் குருவிக்குச் சொந்தக்காரர், அதே அக்ரோசெஃபலஸ். 1891 இல் ஹார்ட்லாப் என்பவர் அதற்கு கிரிசெல்டிஸ் என்று பெயர் வைத்தார். ஆனால் பின்னர் வந்தவர்கள் நம்முடையதல்லாத, ஐரோப்பாவிலுள்ள வேறொரு பெரிய நாணல் கதிர்க்குருவி இனத்தின் ஒரு கிளையினமாகவே நெடுங்காலம் அதை எண்ணி வந்தார்கள். ஐரோப்பாவிலிருந்து மத்திய ஆசியா வரை உள்ள பறவை அது, யாருக்குக் கவலை?

1990களில் அந்தச் சதுப்பு நிலங்களை ஈராக் அரசு அணை கட்டியும் வாய்க்கால் வெட்டியும் வற்றவைத்தது. நூற்றாண்டு முடியும்போது பழைய பரப்பில் பத்தில் ஒரு பங்குகூட எஞ்சவில்லை. அந்தக் காலத்தில் அந்தக் குருவியைக் கிளையினமாக மட்டும் பார்த்திருந்தால், அது பெரும்பாலும் ஒரே நாட்டின் நாணலை நம்பி வாழ்வது என்பதே பட்டியலில் தெரிந்திருக்காது. தனி இனமாக ஏற்றுக்கொண்ட பிறகுதான் அதை ‘அருகி வருவது’ என்ற நிலையில் வைத்தார்கள். 2003 இன் பின்னர் அங்குள்ள மக்களே சில அணைகளை உடைத்துத் தண்ணீரை உள்ளே விட்டார்கள். நாணல் ஓரளவு திரும்பியது, 2016 இல் அந்த இடம் உலக மரபுரிமையாகவும் அறிவிக்கப்பட்டது. குருவி முழுதாகத் தப்பிவிட்டது என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

குருவி மாறவில்லை. அதன் தலைப்பு மாறியது, அவ்வளவுதான்.

மூதூர் மாணவி எழுதியது:

நானா சொன்னதற்குத் துணையாக ஒன்று. மேற்குப் பசிபிக்கில் குவாம், சைபன் முதலான தீவுகளில் இருந்த நாணல் கதிர்க்குருவிகளை ஒரே இனமாகக் கொண்டிருந்தார்கள். 2011 இல் அருங்காட்சியகத் தோல்களின் டீ.என்.ஏ யைப் பார்த்தபோது அவை ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் என்று தெரியவந்தது. அதற்குள் குவாம் பறவை அழிந்து நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. தனி இனம் என்ற தகுதி அதற்கு இறந்த பின்னர் கிடைத்தது.

நாணற்காது எழுதியது:

இந்த இடத்தில் நான் கொஞ்சம் கடிவாளம் பிடிக்க வேண்டும். இழையின் போக்கைப் பார்த்தால், ‘இலங்கைப் பறவையைத் தனி இனம் ஆக்கிவிட்டால் பிரச்சினை தீரும்’ என்ற முடிவுக்கு யாராவது வந்துவிடுவார்கள் போலிருக்கிறது. பாதுகாப்புக்கு வசதியாக இருக்கிறது என்பதற்காக ஓர் இனத்தைப் பிரிக்க முடியாது. பிரிப்பதற்குச் சான்று வேண்டும்.

உலகச் சிவப்புப் பட்டியலுக்காகப் பறவைகளை மதிப்பிடும் பேர்ட்லைஃப் அமைப்பு 2010 இல் வெளியான ஒரு புள்ளிமுறையைப் பின்பற்றி வந்திருக்கிறது. நிறம், அளவு, பாட்டு, நடத்தை, இரண்டும் சந்திக்கும் எல்லையில் கலப்பு எப்படி என்ற ஒவ்வொன்றுக்கும் வேறுபாட்டின் அளவுக்கேற்பப் புள்ளி கொடுத்து, மொத்தம் 7 வந்தால் தனி இனம். டீ.என்.ஏ க்கு அதில் புள்ளியே இல்லை. இதை நான் முழுதும் ஏற்பவனல்லன். ஒன்றுக்கொன்று அச்சொட்டாக ஒத்த, மண்ணிறம் தவிர வேறு நிறமறியாத இந்தக் குருவிச் சாதியை நிறத்தை வைத்து எடைபோடுவது, சலவைத் தொழிலாளியிடம் வந்த வெள்ளை வேட்டிகளை நிறம் பார்த்துப் பிரிப்பதைப் போன்றது.

டீ.என்.ஏ எவ்வளவு முக்கியம் என்பதற்கு இவற்றுள்ளேயே பெரிய கதை ஒன்று உண்டு. 1867 நவம்பரில் இமயத்துச் சட்லெஜ் பள்ளத்தாக்கில் ஹியூம் ஒரு குருவியைச் சுட்டார். பின்னாளில் இந்திய தேசிய காங்கிரஸைத் தொடங்க முன்னின்ற அதே ஹியூம்தான். அதன் அலகு வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. பிறகு நூறு வருடங்களுக்கு மேலாக அந்த ஒற்றைத் தோலைத் தவிர வேறெதுவும் கிடைக்காததால், அது நம்முடைய இந்த ஸ்டென்டோரியஸின் ஒரு விகாரமாக இருக்கலாம் என்றுகூடச் சிலர் நினைத்தார்கள். 2002 இல் அதன் டீ.என்.ஏ யைப் படித்தபோது அது தனி இனம் என்பது உறுதியானது. 2006 மார்ச் 27 அன்று தாய்லாந்தில் ஒரு கழிவுநீர்ச் சுத்திகரிப்புக் குளத்தருகே வலைவிரித்த பறவையியலாளர் பிலிப் ரவுண்டின் கையில் உயிருள்ள ஒன்று சிக்கியது. சில ஆண்டுகளில் ஆப்கானிஸ்தானின் வக்கான் பகுதியில் அவை கூடு கட்டும் இடமும் தெரியவந்தது. சிவப்புப் பட்டியலில் அதற்கு இட்ட குறிப்பு ‘தரவு போதாது’ என்பது. ஒற்றைத் தோலாக இருந்தபோது பெயரே சந்தேகம், பெயர் உறுதியான பிறகு எண்ணிக்கை சந்தேகம்.

இலங்கைப் பறவைக்கு வருவோம். அது வடக்கத்தியப் பறவையைவிடச் சற்றுச் சிறியது, நிறம் சற்று அடர்ந்தது. தென்னிந்தியாவிலிருப்பதை இதனோடு சேர்ப்பதா, வடக்கோடு சேர்ப்பதா என்பதில் எல்லாக் கையேடுகளும் ஒன்றுபோல எழுதவில்லை. கிளையினம் என்பதற்கு மேலே ஒரு சொல்லும் இன்றைக்கு நாம் கோர முடியாது. ஆனால் கிளையினம் என்பதும் சிறிய விடயமல்ல.

உப்புவெளி ரீச்சர் எழுதியது:

மிகவும் நன்றி. ஆனால் எனக்கு இன்னும் ஒரு குழப்பம். கிளையினத்துக்கென்று தனியாகப் பட்டியல் இல்லையென்றால், ‘உலகில் கவலையில்லை’ என்ற ஒரு வரியை வைத்து இலங்கையில் உள்ள எந்தக் குளத்தின் நாணலையும் வெட்டிவிடலாமே?

மூதூர் மாணவி எழுதியது:

வெட்டிவிடலாம் என்று பட்டியல் சொல்லவில்லை ரீச்சர், அதை அப்படி வாசித்தவர்கள் சொல்கிறார்கள்.

‘கவலை குறைந்தது’ என்பதன் பொருள் குறுகியது. ஓர் இனத்தின் பரப்பு சில வரம்புகளுக்குக் கீழே போகவில்லை, பத்து ஆண்டுகளில் அல்லது மூன்று தலைமுறைகளில் அதன் எண்ணிக்கை 30 வீதம் வீழ்ந்ததாகத் தெரியவில்லை, வளர்ந்த பறவைகள் பத்தாயிரத்துக்குக் கீழே குறைந்து மேலும் தேயவில்லை, இவற்றின் கிட்டவும் நெருங்கவில்லை. இவ்வளவுதான். ஓரிடத்தில் உள்ள பறவை அழிந்தால் பரவாயில்லை என்பது அந்தச் சொல்லுக்குள் இல்லை. பேர்ட்லைஃப் செய்வது இன மட்டத்து மதிப்பீடு மட்டுமே, கிளையினங்களைத் தனித்தனியே அது மதிப்பிடுவதில்லை. ஆகவே ஒரு பரந்த பெயருக்குள் ஒரு தீவின் பறவைகள் முற்றாகப் போனாலும், அந்தப் பெயருக்கு எதிரேயுள்ள குறிப்பு அப்படியே இருக்கக் கூடும்.

அதனால்தான் ஒவ்வொரு நாடும் தனக்கென்று சிவப்புப் பட்டியல் தயாரிக்கிறது. சுற்றாடல் அமைச்சு வெளியிடும் தேசியப் பட்டியலில் ஓர் இனத்துக்குக் கிடைக்கும் நிலை, உலகப் பட்டியலிலுள்ள நிலையோடு பொருந்த வேண்டியதில்லை. அந்தத் தேசிய மதிப்பீட்டுக்கென்று வகுத்துள்ள முறையில் சுவையான ஒரு படி உண்டு. உள்நாட்டு எண்ணிக்கையை வைத்து நிலையைத் தீர்மானித்த பிறகு, அயல் நாட்டிலிருந்து அதே பறவை வந்து இழப்பை நிரப்புமா என்று கேட்க வேண்டும். நிரப்பும் என்றால் நிலையை ஒரு படி தளர்த்தலாம். இப்போது நாணற்காது அண்ணா விட்ட இடத்துக்குத் திரும்புங்கள். எங்கள் பறவை நிரந்தரவாசி, தென்னிந்தியப் பறவை இதன் உடன்பிறப்பா இல்லையா என்பதே தெளிவாகவில்லை. அது பாக்கு நீரிணையைக் கடந்து வந்து உப்புவெளிச் சம்பில் குடியேறும் என்று எதை நம்பிக் கணக்கிடுவது? வெறும் பெயர்ச் சண்டையாகத் தோன்றும் கிளையினக் கேள்வி, இந்தப் படியில் வந்து நேரே பாதுகாப்பு நிலையைத் தொடுகிறது.

கிண்ணியா நானா எழுதியது:

இன்னொரு ஓட்டையையும் நான் கண்டிருக்கிறேன். தை மாதத்தில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கு உதவியாளனாகக் குளங்களுக்குப் போவேன். கொக்கு, நாரை, தாரா, உள்ளான் எல்லாம் எண்ணுவோம். நாணலுக்குள் இருந்து இந்தக் குருவி காது கிழியக் கத்தும், அதற்குப் படிவத்தில் இடமில்லை. ஒரு ஈரநிலம் முக்கியமானதா என்று தீர்மானிக்க 20,000 நீர்ப்பறவைகள் என்றும், ஓர் இனத்தின் தொகையில் ஒரு வீதம் என்றும் அளவுகோல்கள் வைத்திருக்கிறார்கள். நாரைக்குப் பொருந்தும் கணக்கு, நாணலுக்குள் இணை இணையாக மறைந்து வாழும் குருவிக்கு எப்படிப் பொருந்தும்?

இத்தனைக்கும் 1971 இல் ஈரானின் ராம்சாரில் எழுதிய ஈரநில உடன்படிக்கை நீர்ப்பறவைக்குத் தரும் வரைவிலக்கணம், சூழலியல் முறையில் ஈரநிலத்தைச் சார்ந்து வாழும் பறவை என்பது. காலில் சவ்வு இருக்க வேண்டும் என்று அதில் இல்லை. இலங்கை 1990 இல் அதில் சேர்ந்தது, இன்று ஆறு ராம்சார் தலங்கள் உள்ளன. மன்னாரில் வங்காலை உண்டு, கிழக்கே குமண உண்டு. கொட்டியாரக் குடாவும் மகாவலிக் கழிமுகமும் உள்ள எங்கள் மாவட்டத்தில் ஒன்றுகூட இல்லை.

நெறியாளர்: ராம்சார் தலங்கள் பற்றிய பேச்சை வேறு இழைக்குக் கொண்டுசெல்லலாம். இங்கே குருவியோடு நிற்போம்.

தம்பலகாமத்தான் எழுதியது:

சரி, நான் எழுதியதில் பாதியைத் திருத்திக்கொள்கிறேன். சத்தம் கேட்கிறது என்பதற்காக எண்ணிக்கை தெரியும் என்று ஆகாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் துருசு துருசுதான்.

முழுவதையும் வெட்ட வேண்டியதும் இல்லை. எங்கள் அம்மா பன்பாய் இழைப்பவர். பன் அறுக்கப் போகிறவர்கள் ஒரே நாளில் கரை முழுவதையும் அறுப்பதில்லை. ஒரு பகுதியை அறுத்து, அது துளிர்க்கும் வரை மறு பகுதியை விட்டுவைப்பார்கள். குருவிக்காக அல்ல, அடுத்த பாய்க்காக. சம்புக்கும் அதைச் செய்யலாம். துருசுக்கு இரு பக்கமும், மிகைநீர் வெளியேறும் வான் பாயும் வழியிலும் சுத்தமாக எடுத்துவிடுங்கள். அங்கே தண்டைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வெட்ட வேண்டும். சம்பின் கிழங்குக்குக் காற்றுப் போவது தண்டின் வழியாகத்தான், வெட்டுவாய் மூழ்கிக் கிடந்தால் கிழங்கு அழுகிவிடும், இயந்திரமே தேவைப்படாது. மேற்கு மூலையில் தண்ணீர் உள்ளே இறங்கும் இடத்துச் சம்பு உண்மையில் வண்டலை மறித்து வைக்கிறது. அதைப் பிடுங்கினால் அந்த மண் எல்லாம் குளத்தின் வயிற்றுக்குத்தான் வரும். அதை விடச் சொல்லிக் கேளுங்கள், கமக்காரரும் உங்களோடு நிற்பார்கள்.

நாணற்காது எழுதியது:

தம்பலகாமத்துத் தம்பி சொன்ன மூலை குருவிக்கும் பொருந்தும். கூடு ஆழமான கிண்ணம் போன்றது. தண்ணீருக்கு மேலே நிற்கும் சில தண்டுகளைச் சேர்த்துச் சுற்றிப் பின்னியிருக்கும். தரையில் நிற்கும் நாணல் அதற்கு இரண்டாம் பட்சம், காலடியில் தண்ணீர் இருக்க வேண்டும். அகலம் மிக முக்கியம், ஒற்றை வரிசையாக வேலிபோல விட்டுவைத்தால் காகத்துக்குக் கூட்டைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். பாடும் காலத்தில் வெட்டாமல் இருந்தால் மிகவும் நல்லது. நெருப்பு வைப்பது வேண்டவே வேண்டாம்.

உப்புவெளி ரீச்சர் எழுதியது:

இன்று மாணவர்களோடு இருந்து கடிதத்தைத் திருத்தினோம். ‘அரிய இனம்’ என்ற சொல்லை எடுத்துவிட்டோம். அது எடுபட்டபோது கடிதத்தின் உயிரே போய்விட்டதென்று ஒரு பிள்ளை கவலைப்பட்டாள். இப்போதைய பந்தி இப்படி இருக்கிறது, குறை இருந்தால் சொல்லுங்கள்:

‘இக்குளத்தின் மேற்கு மூலையில் பெரிய நாணல் கதிர்க்குருவி, ஆடி மாதம் பாடியதை நாங்கள் பதிவுசெய்துள்ளோம். இப்பறவை உலக மட்டத்தில் கவலை குறைந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது என்பதை ஏற்கின்றோம். அம்மதிப்பீடு பல நாடுகளில் பரந்த ஓர் இனம் முழுவதற்கும் உரியது. இங்கு வாழ்வது 1875 இல் லெக் விவரித்த கிளையினம் ஆகும். அது இடம்பெயராது இங்கேயே தங்கி வாழ்வதால், இங்கு நாணல் அழியும்போது அதற்கு வேறு புகலிடம் இருப்பதாகக் கொள்ள முடியாது. ஆகவே துருசையும் வானையும் சுத்தஞ்செய்வதற்கு ஆட்சேபமின்றி, நீர் உள்வரும் மேற்கு மூலையிலுள்ள சம்பை மட்டும் நிலைநிறுத்துமாறு கேட்டுக்கொள்கின்றோம்.’

மூதூர் மாணவி எழுதியது:

ஒரே ஒரு திருத்தம். ‘வேறு புகலிடம் இருப்பதாகக் கொள்ள முடியாது’ என்பதும் பழைய ‘அரிய இனம்’ போல ஆகிவிடும். பக்கத்துக் குளத்தில் சம்பு இருந்தால் ஒரு வரியில் உங்களை மடக்கிவிடுவார்கள். சுற்றியுள்ள குளங்களில் எத்தனை பாடுகின்றன என்று எண்ணி, அந்த எண்ணிக்கையை எழுதுங்கள். எண்ணும் நாளில் நானும் வருகிறேன்.

தம்பலகாமத்தான் எழுதியது:

சனிக்கிழமை விடிய ஐந்தரைக்குக் குளக்கட்டில் நிற்கிறேன். ரீச்சர், பிள்ளைகளுக்குச் சப்பாத்து வேண்டாம், செருப்பும் வேண்டாம். அந்த மூலைச் சேறு முழங்கால் வரை இழுக்கும்.

உப்புவெளி ரீச்சர் எழுதியது:

சனிக்கிழமைக் கணக்கு: எங்கள் குளத்தின் மேற்கு மூலையில் பாடியவை மூன்று, கிழக்குக் கரையில் ஒன்றுமில்லை. அடுத்த குளத்தில், முந்திய வருடம் சம்பை முழுதாக அகற்றிய இடத்தில், ஒன்றுமில்லை. அதற்கு அப்பாலுள்ள மூன்றாவது குளத்தில் இரண்டு. அதில் ஒன்று பாடியதா, வெறுமனே கடிந்ததா என்பதில் மூதூர் மாணவிக்கும் நாணற்காது அவர்களுக்கும் இன்னும் உடன்பாடில்லை. பதிவை இணைத்திருக்கிறேன். பந்தியில் ‘ஒன்று அல்லது இரண்டு’ என்று எழுதுவதற்கு உங்களில் யாருக்கும் மறுப்பு உண்டா?